காக்கா, ஜிலேபி, கச்சான் காற்று: பாம்பனில் ஏழு நாள்

நாள் 1: மாட்டுத்தாவணி முதல் பாம்பன் வரை

காலாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்திக் கொடுத்த கையோடு மாட்டுத்தாவணியில் ராமேஸ்வரம் பஸ் ஏறிவிட்டேன். பெரியம்மா வீடு பாம்பனில். "மகாளய அமாவாசைக்கு வா" என்று வருடா வருடம் கூப்பிடுவார். இந்த வருடம்தான் வாய்த்தது. ஆனால் அமாவாசை மட்டும் காரணம் இல்லை.

வருகிற ஜனவரியில் பாய்மரப் படகில் கொச்சியிலிருந்து ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையோரத் தீவான ஜான்சிபார் வரை போகப்போகிறேன். கல்லூரித் தோழியும் அவள் கணவரும் வாங்கி வைத்திருக்கிற 38 அடி ஃபைபர் படகு. மூன்றாவது ஆள் நான். கொச்சி, மாலத்தீவு, செஷல்ஸ், அப்புறம் ஜான்சிபார். கொச்சியிலிருந்து செஷல்ஸுக்கு நேர்கோட்டில் பிடித்தால் சுமார் 1,500 கடல் மைல். அங்கிருந்து ஜான்சிபாருக்கு இன்னொரு ஆயிரத்தை ஒட்டி. படகின் வேகம் மணிக்கு 5 கடல் மைல்தான், அதாவது அவசரமில்லாமல் சைக்கிள் மிதிக்கிற வேகம். விலங்கியல் டீச்சருக்கு இதெல்லாம் எதற்கு என்று ஸ்டாஃப் ரூமில் கேட்காதவர் இல்லை. நானும் இன்னும் ஒரு நல்ல பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தோழி வீட்டுப்பாடம் அனுப்பியிருக்கிறாள். பாய் பிடிக்கப் பழகு, முடிச்சுப் போடப் பழகு, கடல் மயக்கம் வருகிறதா பார். இவ்வளவும் நான் எதிர்பார்த்ததுதான். கடைசி வரிதான் புதிது: "நம்மகூட வேற யாரும் ஏறக்கூடாது." யாரும் என்றால் கரப்பான், எறும்பு, எலி, பல்லி, நத்தை, படகின் அடியில் ஒட்டுகிற சிப்பி எல்லாம் சேர்த்தி. சிறு தீவுகளில் தரையிலேயே முட்டையிட்டுப் பழகிய பறவைகள் உண்டு. அங்கே ஒரு சினை எலி கரையேறினால் போதும். அட்டைப் பெட்டியைக்கூடப் படகில் ஏற்றக்கூடாதாம். மடிப்பு இடுக்கில் கரப்பான் முட்டைக்கூடு ஒளிந்து வரும்.

பரமக்குடி தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே சீமைக்கருவேலம் தொடங்கியது. மண்டபம் வரை அது எங்களை விடவே இல்லை. 19ஆம் நூற்றாண்டில் விறகுக்கென்று அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவந்த மரம். இன்று இந்த மாவட்டத்தின் கரிமூட்டத் தொழிலே அதை நம்பித்தான் நடக்கிறது. பக்கத்து இருக்கைப் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "வெட்டச் சொல்லி கோர்ட்டே சொல்லுச்சு தாயி. வெட்டிப்புட்டு என்னத்தத் திங்க?" என்றார். அதோடு தூங்கிவிட்டார்.

பாம்பன் பாலத்தில் பஸ்ஸே ஒரு பக்கமாகச் சாய்கிற அளவுக்கு எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலம். கப்பல் வந்தால் நடுத்துண்டு அப்படியே மேலே எழும்பும். பக்கத்தில் 1914ஆம் வருடத்துப் பழைய பாலம், பென்ஷன் வாங்கியவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பது மாதிரி.

நாள் 2: வடக்குக் கடல்

இந்தத் தீவில் வீட்டுக்கு வடக்கேயும் கடல், தெற்கேயும் கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஊரில் வடக்கைப் பெண்கடல் என்றும் தெற்கை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். பெண்கடல் ஆழமில்லாதது, அமைதியானது என்பது கணக்கு. (என் பெரியம்மாவைப் பார்த்தவர்கள் இந்தப் பேரை வைத்திருக்க மாட்டார்கள்.)

பெரியம்மா மகன், என் தம்பி, தங்கச்சிமடத்தில் ஒரு வள்ளக்கார அண்ணனிடம் சொல்லி வைத்திருந்தான். 22 அடி ஃபைபர் வள்ளம். எஞ்சின் இருக்கிறது, டீசல் மிச்சம் பிடிக்க ஒரு பாயும் வைத்திருக்கிறார். இளவட்டமாக இருந்தபோது நம்புதாளைப் பாய்மரப் போட்டிகளில் ஓட்டியவர். பாய் என்று நான் மனதில் வெள்ளையாக ஏதோ கற்பனை செய்திருந்தேன். அவர் விரித்தது யாரோ ஒரு குழந்தையின் காதணி விழா பேனர். இரண்டு பேனர்களை வெட்டித் தைத்திருந்தார். "தாய்மாமன் சீர்" என்ற எழுத்து தலைகீழாக, அதன் மேலே பொக்கை வாய்ச் சிரிப்பு. காற்று நிறைந்ததும் குழந்தையின் கன்னம் உப்பியது.

காற்றுக்கு இங்கே நாலு பேர். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். இப்போது கச்சான் காலத்தின் கடைசி. நாங்கள் நின்ற வடகரையில் அது முதுகுப் பக்கம் தரையைக் கடந்து வருகிறது. அதனால் தண்ணீர் தட்டில் ஊற்றிய மாதிரி சமமாக இருக்கிறது. "சுகமா இருக்கேன்னு விட்டுறாதீங்க டீச்சர். இந்தக் காத்து வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும். திரும்பி வரத் தெரிஞ்சவன்தான் ஓட்டணும்."

எங்கள் ஜனவரிப் பயணத்துக்கும் இதே கணக்குதான். வாடைக் காலத்தில் வடகிழக்குக் காற்று ஆப்பிரிக்கா பக்கம் தள்ளும், தென்மேற்குக் காலத்தில் திருப்பிக் கொண்டுவரும். அரபுக் கப்பல்களும் குஜராத்திக் கப்பல்களும் பல நூறு வருடங்களாக இப்படித்தான் போய் வந்திருக்கின்றன.

மூன்றாவது திருப்பத்தில் "குனிங்க!" என்று கேட்டது. குனிவதற்குள் பாயைத் தாங்கும் பருமல் சுழன்று வந்து காதுக்கு மேலே போட்டது. விழுந்தது நல்லவேளை வலைக் குவியல் மேல். வீக்கத்தைத் தடவியபடி எழுந்து பார்த்தால் வலையில், மூக்குக்கு ஒரு முழம் தள்ளி, செட்டைகளை மயில் மாதிரி விரித்துக்கொண்டு ஒரு சிங்க மீன். சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு கோடாக. அண்ணன் அதைத் துடுப்பால் தள்ளிக் கடலில் விட்டார். முள் குத்தினால் கை வீங்கும், தாங்குகிற சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருக்க வேண்டும்.

இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் இது சொந்த ஊர்க்காரர். வீட்டுத் தொட்டிகளில் வளர்க்க அமெரிக்கா போனது. 1985இல் ஃப்ளோரிடா கடலில் முதன்முதலாகக் கண்டார்கள். இன்று கரீபியன் முழுக்க இருக்கிறது. அங்கே அதைக் கொல்லப் போட்டி வைத்துப் பரிசு தருகிறார்கள். அண்ணனிடம் சொன்னேன். "அங்க பெரிய மீனு திங்காதா இத?" என்றார். பாருங்கள், சரியான கேள்வி. அங்குள்ள பெரிய மீன்களுக்கு இது இரை என்றே தெரியாது. இதற்கு இரையாகிற சின்ன மீன்களுக்கு இதைக் கண்டால் ஓட வேண்டும் என்றும் தெரியாது.

நாள் 3: அமாவாசை

விடிகாலை நாலு மணிக்கே அக்னி தீர்த்தம் நிரம்பிவிட்டது. ஈரத் துணி, எள், தர்ப்பை, கோலமாவு மாதிரி மிதிபடும் பச்சரிசி. தம்பி இடுப்பளவு தண்ணீரில் நின்று பெரியப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்தான். போய் இரண்டு வருடம் ஆகிறது. கரையில் நான் துண்டும் செருப்பும் காவல்.

முக்கியமானது வீட்டில்தான் நடந்தது. பெரியம்மா வாழை இலையில் சோறு, வாழைக்காய்ப் பொரியல், பாயசம் என்று ஒவ்வொன்றிலும் ஒரு பிடி எடுத்து மொட்டைமாடிச் சுவரில் வைத்துவிட்டு "கா... கா..." என்றார். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏழெட்டுக் காகங்கள். ஒன்றும் அசையவில்லை. பத்து நிமிடம். வெயில் ஏறுகிறது. பெரியம்மா முகம் மாறிக்கொண்டே வந்தது. "என்ன கோபமோ தெரியல." சட்டென்று கீழே இறங்கிப் போனார். ஒரு உளுந்த வடையைப் பிய்த்து இலை ஓரத்தில் வைத்தார். வைத்த கை எடுப்பதற்குள் ஒரு காகம் வந்து இறங்கியது. சாம்பல் கழுத்து, பளபளவென்று கறுத்த தலை. தலையை ஒருபக்கம் சாய்த்துப் பெரியம்மாவைப் பார்த்தது. ஒரு கால் முன்னே, ஒரு கால் தயாராகப் பின்னே. வடையை மட்டும் கவ்விக்கொண்டு போனது. "அவருதான்" என்றார் பெரியம்மா. "சோத்த எப்பத் தொட்டாரு மொதல்ல?"

இலையில் உட்கார்ந்து சாப்பிடும்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நான் போகப்போகிற ஜான்சிபாரில் இதே காகம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். நம் வீட்டுக் காகம் பிறந்த மண் இந்தியத் துணைக்கண்டம். 1890களில் ஜான்சிபாருக்குப் போனது. ஊர்க் குப்பையைத் தின்று தீர்க்கட்டும் என்று கொண்டுபோனதாக எழுதியிருக்கிறார்கள். அது குப்பையோடு நிற்கவில்லை. அங்குள்ள சின்னப் பறவைகளின் முட்டை, குஞ்சு, வீட்டுக் கோழிக்குஞ்சு எல்லாம் தின்றது. அங்கிருந்து கண்டத்துக்குத் தாவி தார் எஸ் சலாம், மொம்பாசா என்று துறைமுகம் துறைமுகமாகப் பெருகியது. ஏடன், போர்ட் சூடான், டர்பன் என்று கப்பல் நிற்கிற ஊரெல்லாம் இருக்கிறது. கப்பலில் சும்மா உட்கார்ந்து, சமையல்காரர் போடுவதைத் தின்று, கரை வந்ததும் இறங்கிவிடும். 1994இல் நெதர்லாந்தின் ஹூக் வான் ஹாலந்து துறைமுகத்தில்கூட இரண்டு இறங்கிக் குடும்பம் நடத்தின. கென்யா அரசு 2024இல் பத்து லட்சம் காகங்களை விஷம் வைத்து ஒழிக்கப்போவதாக அறிவித்தது.

பெரியம்மா பாயசக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"காக்காய்க்கு வெஷமா? அந்த ஊருல யாருக்கும் அப்பன் பாட்டன் கிடையாதா?"

தம்பி சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளியில் அந்நிய உயிரினங்கள் பாடம் நடத்தும்போது நான் எப்போதும் பட்டியல் போடுவேன்: ஆகாயத்தாமரை, சீமைக்கருவேலம், ஆப்பிரிக்க நத்தை. வந்தவர்கள் பட்டியல். போனவர்கள் பட்டியலை ஒருநாளும் போட்டதில்லை. மைனாவும் அதில் இருக்கிறது. செஷல்ஸில் சில தீவுகளில் ஒரு மைனாகூட மிச்சமில்லாமல் பிடித்து முடித்திருக்கிறார்கள், அங்கே மட்டுமே வாழும் பறவைகளைக் காப்பாற்ற. கொல்கிறவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சாய்ந்த தலையையும் இன்று பார்த்தேனே.

நாள் 4: காற்று

இன்று குருசடைத் தீவு போவதாகத் திட்டம். குந்துகாலுக்குப் போய் நின்றால், தெற்குக் கடலில் காற்று அதிகம், படகு இல்லை என்றார்கள். 1897இல் விவேகானந்தர் இலங்கையிலிருந்து திரும்பி வந்து இறங்கிய இடம். நினைவிடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கரையில் நின்று தீவை வெறும் கண்ணால் பார்த்தேன்.

மன்னார் வளைகுடாவில் இப்படி 21 தீவுகள். 1986இல் தேசியக் கடல் பூங்கா ஆக்கினார்கள். குருசடையின் பவளப்பாறைகளில் கப்பாஃபைகஸ் என்கிற பாசி படர்ந்திருப்பதாக 2008இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பாசி, 1990களில் ஆராய்ச்சிக்காக மண்டபம் கடலுக்கு வந்தது. ஐஸ்கிரீமையும் பற்பசையையும் கெட்டியாக்குகிற கராஜீனன் இதிலிருந்துதான் எடுக்கிறார்கள். வடக்குக் கரையில் மூங்கில் மிதவை கட்டி இதை வளர்த்துத்தான் எத்தனையோ பெண்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார்கள். பெரியம்மா தெருவிலேயே மூன்று பேர். பாறையின் மேல் படர்ந்து வெளிச்சத்தை மறைத்தால் பவளம் செத்துவிடும் என்பதும் உண்மைதான். நான் கரையில் நின்று சுண்டல் வாங்கிச் சாப்பிட்டேன். இன்று அவ்வளவுதான்.

நாள் 5: அடிப்பக்கம்

அண்ணன் வள்ளத்தைக் கரையேற்றப்போவதாகத் தகவல் வந்ததும் ஓடினேன். மாதக்கணக்கில் தண்ணீரில் கிடந்தால் அடிப்பக்கம் என்ன ஆகும் என்று நேரில் பார்க்க வேண்டும் என்பது என் வீட்டுப்பாடத்திலேயே முக்கியமான பகுதி. உருளைக்கட்டை போட்டு எட்டுப் பேர் "ஏலேலோ" சொல்லி இழுத்தார்கள். பக்கவாட்டில் சாய்த்ததும், மேலே நீலப் பெயின்ட் அடித்த பளபளப்பான வள்ளத்துக்குக் கீழே வேறு ஒரு ஊரே இருந்தது.

முதலில் வாடை. காய்கிற பாசியும் பச்சைச் சிப்பியும் கலந்த வாடை. பிறகு சத்தம். காதைக் கிட்டே வைத்தால் சின்னச் சின்னதாக "க்ளிக், க்ளிக்" என்று. கொட்டலசுகள் கதவை மூடிக்கொள்கிற சத்தம். சுண்ணாம்பில் செய்த குட்டி எரிமலைகள் மாதிரி, விரல் வைக்க இடமில்லாமல் நெருக்கி ஒட்டியிருந்தன. பார்க்கச் சிப்பி மாதிரி இருந்தாலும் இது இறால், நண்டு வகையறா. குஞ்சாக இருக்கும்போது நீந்தித் திரியும். பிறகு ஒரு இடத்தைத் தேர்ந்து தலையைப் பசை போட்டு ஒட்டிக்கொள்ளும். அதன்பின் ஆயுள் முழுக்கத் தலைகீழாகக் கிடந்து காலால் வாரி வாரிச் சாப்பிடும். வகுப்பில் நான் இருபது வருடமாகச் சொல்கிறேன், உயிரோடு சத்தம் கேட்டது இன்றுதான்.

சுரண்டியதில் ஒரு கை எடுத்து எவர்சில்வர் தட்டில் கடல்தண்ணீர் ஊற்றிப் போட்டேன். பூதக்கண்ணாடி கொண்டுபோயிருந்தேன். வெள்ளைக் குழாய்க்குள்ளிருந்து விசிறி மாதிரி செவுளை நீட்டும் புழு. அரிசிமணி அளவில் ஒரு நண்டு, ஒரு கொடுக்கு இல்லாமல். வலை பின்னிய மாதிரி ஒரு படலம், அது முழுக்கத் தனித்தனி உயிர்கள். எண்ணிப் பார்த்ததில் ஒரு கைப்பிடிக்குள் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவையே ஒன்பது வகை. இத்தனை பேரும் டிக்கெட் இல்லாமல் போகிறார்கள். வள்ளம் தங்கச்சிமடத்துக்குப் போய் தங்கச்சிமடத்துக்கே திரும்புகிற வரை இதில் யாருக்கும் நஷ்டமில்லை, அண்ணனின் டீசலைத் தவிர.

அப்போது பார்த்து தோழி கொச்சியிலிருந்து படம் அனுப்பினாள். எங்கள் படகின் அடிப்பாகம். கொட்டலசுகளுக்கு நடுவே கொத்துக் கொத்தாகச் சின்னக் கருஞ்சிப்பிகள். "இது என்னடி?" பார்த்ததும் வயிறு கலங்கியது. படத்தை வைத்துக்கொண்டு சத்தியம் பண்ண முடியாது. ஆனால் கேரளக் காயல்களில் சில வருடங்களாகப் பெருகிக்கொண்டிருக்கிற தென்னமெரிக்கச் சிப்பியின் ஜாடை அப்படியே இருந்தது. எண்ணூர், பழவேற்காடு பக்கம் சேற்றின் மேல் ஜமுக்காளம் விரித்த மாதிரி படர்ந்து இறாலுக்கும் மட்டிக்கும் இடமில்லாமல் செய்வதும் அதே இனம்தான். அங்கே மீனவர்கள் அதற்கு வைத்திருக்கிற பேர் காக்கா ஆழி.

காக்கா என்னை விடுவதாக இல்லை.

தோழிக்கு ஆஸ்திரேலியாவின் டார்வின் கதையை அனுப்பினேன். அங்கே 1998 செப்டம்பரில் படகுத்துறைகளை ஆய்வு செய்தபோது ஒன்றும் இல்லை. 1999 மார்ச்சில் முங்கிப் பார்த்தால் கரீபியன் பகுதியைச் சேர்ந்த ஒரு சிறு சிப்பி, ஒரு சதுர மீட்டருக்கு 20,000க்கு மேல். ஆறு மாதத்தில்! வந்தது கப்பல்கள் பாரத்துக்காக வயிற்றில் நிரப்பிக்கொள்கிற தண்ணீரில் அல்ல, இப்படிப்பட்ட உல்லாசப் படகுகளின் அடியில் ஒட்டிக்கொண்டு என்றுதான் முடிவுக்கு வந்தார்கள். (அதே சிப்பி 1967இலேயே விசாகப்பட்டினம் துறைமுகத்துக்கு வந்துவிட்டது. இன்றும் இருக்கிறது.) டார்வினில் ஏற்றவற்றம் அதிகம் என்பதால் அந்தப் படகுத்துறைகளுக்கு மதகுக் கதவு உண்டு. கதவை அடைத்தார்கள். குளோரினையும் மயில்துத்தத்தையும் கொட்டி உள்ளே இருந்த எல்லா உயிரையும் கொன்றார்கள். போய்வந்த படகுகளைத் தேடித் தேடிப் பிடித்தார்கள். சிப்பி ஒழிந்தது. கடலில் வந்து குடியேறிய ஒன்றை இப்படி முழுசாக ஒழித்தது மிக மிக அபூர்வம். கதவு இருந்ததால் நடந்தது. பாக் நீரிணைக்குக் கதவு இல்லை.

சரி, எங்கள் படகுக்கு என்ன வழி? டிசம்பரில் கரையேற்றி முழுக்கச் சுரண்டி, தாமிரம் கலந்த பெயின்ட் அடிப்பது. முன்பு வெள்ளீயக் கலவைப் பெயின்ட் ஒன்று இருந்தது, பிரமாதமாக வேலை செய்யும். ஆனால் கரையில் இருக்கும் சங்கு நத்தைகளைக்கூட மலடாக்கியது. 2008இல் உலக அளவில் தடை வந்தது. தாமிரப் பெயின்ட் அடித்தாலும் சுக்கான் இடுக்கு, எஞ்சினுக்குத் தண்ணீர் இழுக்கும் ஓட்டை, நங்கூரச் சங்கிலிப் பெட்டி இவற்றில் ஒளிந்திருக்கும். தண்ணீருக்குள் முங்கிச் சுரண்டவும் கூடாது. சுரண்டினால் உயிரோடு கீழே விழுந்து அங்கேயே குடியேறிவிடும். கரையில்தான் சுரண்ட வேண்டும், சுரண்டியதைக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். நியூசிலாந்து 2018இலிருந்து அடிப்பக்கம் சுத்தம் என்று காட்டாத படகை உள்ளேயே விடுவதில்லை.

அண்ணன் கேட்டுக்கொண்டே சுரண்டினார். கடைசியில் குவியலைச் சட்டியில் அள்ளி, ஒரே வீச்சில் கடலில் கொட்டினார். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "இதுக எங்க ஊரு ஆளுக டீச்சர். வீட்டுக்குப் போகட்டும்."

நாள் 6: மண்டபம்

காலையில் மண்டபம் கேம்ப். இந்தப் பேரில் இருக்கிற கேம்ப் எது என்று பலருக்குத் தெரியாது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் ஜனங்களை இங்கேதான் அடைத்து வைத்தார்கள். அம்மை, காலரா எதுவும் இல்லை என்று சில நாள் வைத்துப் பார்த்து, ஊசி போட்டு, பிறகே தலைமன்னாருக்கு ஏற்றிவிட்டார்கள். மனிதனை எண்ணி, சோதித்து, முத்திரை குத்தி அனுப்பினார்கள். அதே கப்பலில் போன எலியை யாரும் நிறுத்திக் கேட்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இங்கே வந்தது. 1971இல் தலைமையகம் கொச்சிக்குப் போனாலும் மண்டபத்தில் இன்னும் அதன் நிலையம் இருக்கிறது. நாட்டின் தட்டில் புரதம் சேர வேண்டும் என்று 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஒரு ஆப்பிரிக்க மீனை அந்த ஆரம்ப நாட்களில் வளர்த்துப் பார்த்த இடங்களில் மண்டபமும் ஒன்று. பிறந்த நாடு அதன் ஆங்கிலப் பேரிலேயே இருக்கிறது: மொசாம்பிக் திலாப்பியா. நம் நாக்கில் புரண்டு ஜிலேபி ஆனது. ஜான்சிபாருக்கு நேர் தெற்கே இருக்கிற நாடு அது. நாம் அங்கே காக்காயை அனுப்பினோம், அவர்கள் இங்கே ஜிலேபியை அனுப்பினார்கள் என்று தம்பியிடம் சொன்னேன். "சீர் செஞ்சிருக்காங்க" என்றான்.

உச்சிப்புளி தாண்டி ஒரு ஊருணியில் கடைசித் தண்ணீர். முழங்கால் சேற்றில் பையன்கள் கூடை போட்டு அமுக்கிக்கொண்டிருந்தார்கள். வந்ததெல்லாம் ஜிலேபிதான். அயிரை, கெளுத்தி, விரால் எதுவும் கிடைக்காதா என்று கேட்டேன். ஒருவன் என்னை ஏதோ பழைய காலத்து ஆள் மாதிரி பார்த்தான். "அதெல்லாம் எங்க தாத்தா சொல்லுவாரு."

ஒரு மீனை வாங்கிக் கையில் பிடித்தேன். உள்ளங்கை நீளம், கன்னம் வீங்கியிருந்தது. எனக்குப் பாடம் தெரியும், ஆனாலும் பையன்தான் செய்து காட்டினான். கட்டைவிரலால் தாடையை மெல்ல அழுத்தினான். வாயிலிருந்து கொசுக்கூட்டம் மாதிரி குஞ்சுகள் என் கையிலிருந்த தண்ணீரில் கொட்டின, எல்லாம் கண், கண்ணாகவே. தாய் மீன் முட்டையை வாயிலேயே வைத்து அடைகாக்கும். குஞ்சு பொரித்த பிறகும் ஆபத்து வந்தால் வாய்க்குள்ளே வாங்கிக்கொள்ளும். அத்தனை நாளும் ஏறக்குறையப் பட்டினிதான். இப்படி வளர்க்கிற தாயோடு, முட்டையை இட்டுவிட்டுப் போகிற நம் கண்மாய் மீன்கள் பலவும் எப்படிப் போட்டியிடும்? உப்புத் தண்ணீரும் இதற்குச் சரி, சேறும் சரி.

தாயையும் குஞ்சுகளையும் என்ன செய்வது என்று எனக்குப் புரியவில்லை. தண்ணீரில் விடுவது தப்பு என்பது நான் நடத்துகிற பாடம். கையிலிருந்த தண்ணீர் விரலிடுக்கில் வழிந்துகொண்டிருந்தது. பையன் காத்திருக்கவில்லை. தாயைக் கூடையில் போட்டான், என் கையைத் தட்டிவிட்டுக் குஞ்சுகளை ஊருணியில் விட்டான். "அடுத்த வருசத்துக்கு" என்றான்.

மதியம் பெரியம்மா ஜிலேபிக் குழம்பு வைத்தார். மண்வாடைக்குப் புளி தூக்கலாக. நன்றாகவே இருந்தது, இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

நாள் 7: திரும்பல்

காலையில் கடைசியாக ஒரு ஓட்டம். சுத்தமான அடிப்பக்கத்தோடு வள்ளம் வழுக்கிக்கொண்டு போனது. இந்தத் தடவை அண்ணன் அணியத்தில், அதாவது வள்ளத்தின் முன்முனையில், போய் உட்கார்ந்துகொண்டு, சுக்கானையும் பாய்க் கயிற்றையும் என்னிடமே விட்டுவிட்டார். கச்சானுக்கு எதிராக வளைந்து வளைந்து கரைக்குத் திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆனது. போக இருபது நிமிடம்தான் ஆகியிருந்தது. பருமலுக்குக் குனியக் கற்றுக்கொண்டேன். "ஆப்பிரிக்கா போயிருவீங்க" என்றார். திரும்பி வருவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

புறப்படும்போது பெரியம்மா ஒரு ஓலைக் கொட்டான் கொடுத்தார். உள்ளே கருப்பட்டி. "கப்பல்ல வாய்க்கு நல்லாருக்கும். அட்டைப் பெட்டிதான ஆகாது? இது ஓலைதான்." தோழியின் பட்டியலை நான் வாசித்துக் காட்டியதை ஞாபகம் வைத்திருக்கிறார்.

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் மடியில் ஏதோ சுருக்கென்றது. கொட்டானைத் திறந்தால் பின்னலின் ஒவ்வொரு இடுக்கிலிருந்தும் சிவப்பெறும்பு. நடைமேடையில் குந்தி உட்கார்ந்து கருப்பட்டியை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டினேன். கொட்டானைக் கவிழ்த்து உதறினேன். இரண்டு தடவை பஸ்ஸை விட்டேன். போதும் என்று நினைத்து ஏறினால் பரமக்குடி வருவதற்குள் முழங்கையில் மறுபடி.

இப்போது மதுரை, ராத்திரி பத்து மணி. கொட்டான் சமையலறையில் தாம்பாளத்தின் நடுவே இருக்கிறது, சுற்றிலும் இரண்டு விரல்கடை தண்ணீர். உள்ளே எஞ்சியிருந்தவை ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி, தண்ணீரின் ஓரம் வரை வந்து, மீசையால் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகின்றன. சுவர்ப் பக்கமிருந்து என் வீட்டு எறும்புகளும் வந்து, எதிர்க்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கின்றன.